ஒரே பருமன், வேறு மூச்சு: ஆல்கோ 251, ஈ.எம்.டி. 710 டீசல் இன்ஜின்கள்

இந்திய ரயில்வேயில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த ஆல்கோ 251 இன்ஜினுக்குப் பதினாறு சிலிண்டர். அத்தனையின் கொள்ளளவையும் கூட்டினால் ஏறத்தாழ 175 லிட்டர் வரும். அதற்குப் பின் வந்த ஈ.எம்.டி. 710-க்கும் பதினாறு சிலிண்டர்தான், மொத்தம் 186 லிட்டர். பீகாரின் மர்ஹௌரா ஆலையில் உருவாகும் லோகோக்களில் இருக்கும் ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) எவல்யூஷன் இன்ஜினுக்குப் பன்னிரண்டே சிலிண்டர். ஆனால் ஒவ்வொன்றும் பெரியது என்பதால் மொத்தம் 188 லிட்டர். ஆக மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பருமன். ஆனால் முதலாவது வந்த புதிதில் 2,600 குதிரைத்திறன் தந்தது. இரண்டாவது 4,000 தந்தது. மூன்றாவது 4,500 தருகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால், எந்த இன்ஜின் ஏன் புகைக்கிறது, எது எங்கே ஒழுகும், லோகோக்களைப் பராமரிக்கும் ஷெட்டில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும். (வண்டியையே இன்ஜின் என்று சொல்வது நம் வழக்கம். இங்கே வண்டி லோகோ, அதற்குள் இருக்கும் டீசல் இயந்திரம் மட்டுமே இன்ஜின்.)

ஆல்கோவுக்கும் ஈ.எம்.டி.க்கும் இடையிலான போட்டி நம் தண்டவாளத்துக்கு வந்தது 1962-இல். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து டபிள்யூ.டி.எம்.-2 என்ற வகை லோகோ வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஈ.எம்.டி. பிரிவிலிருந்து டபிள்யூ.டி.எம்.-4 வந்தது. இரண்டும் 2,600 குதிரைத்திறன். டபிள்யூ.டி.எம்.-4 மொத்தம் 72 வண்டிகளோடு நின்றுபோனது. ஆனால் அது மட்டமான லோகோ அல்ல. 1969-இல் முதல் ஹவுரா ராஜதானியை இழுத்தது அதுதான். ஆல்கோ தன் தொழில்நுட்பத்தைக் கொடுக்க முன்வந்தது, ஜெனரல் மோட்டார்ஸ் வரவில்லை. வாராணசி டீசல் லோகோ ஆலையின் முதல் வண்டி 1964 ஜனவரியில் வெளிவந்தபோது உள்ளே இருந்தது ஆல்கோ 251. சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த நாட்டுக்கு அது சரியான முடிவு என்பதே நம் கருத்து. ஆல்கோ 1969-இலேயே லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் 251-ஐ 2,600-லிருந்து 3,100-க்கும் பிறகு 3,300-க்கும் உயர்த்தியது நம் நாட்டுப் பொறியாளர்களின் உழைப்பு. ஈ.எம்.டி. மறுபடி வந்தது 1995-இல் போட்ட ஒப்பந்தத்தின் வழியே. அப்போது தொழில்நுட்பமும் கூடவே வந்தது. முதல் டபிள்யூ.டி.ஜி.-4 லோகோக்கள் 1999-இல் வந்திறங்கின.

காற்று உள்ளே போகும் வழி

ஆல்கோ 251 ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின். சிலிண்டர் விட்டம் 228.6 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 266.7 மி.மீ. காற்றை இழுப்பது, அழுத்துவது, எரித்துத் தள்ளுவது, புகையை வெளியேற்றுவது என்று நான்கு ஓட்டம். அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒரு முறை வேலை செய்யும். காற்று வருவதற்கும் புகை போவதற்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் தனித்தனி வால்வுகள்.

ஈ.எம்.டி. 710 டூ-ஸ்ட்ரோக். விட்டம் 230.2 மி.மீ., ஓட்டம் 279.4 மி.மீ. இதன் ஹெட்டில் நான்கு வால்வுகள் உண்டு, ஆனால் நான்கும் புகை வெளியேறுவதற்கு மட்டுமே. காற்றுக்கு வால்வே கிடையாது. பிஸ்டன் ஓடும் உட்குழலான லைனரின் நடுப்பகுதியைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி அந்தத் துளைகளைத் திறக்கும்போது, வெளியே காற்றறையில் அழுத்தத்தோடு காத்திருக்கும் காற்று உள்ளே பாய்ந்து, எரிந்த புகையை மேலே வால்வு வழியாகத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வேலை செய்யும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3,100 குதிரைத்திறன் ஆல்கோ 1,050 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,050 சுற்று) ஓடும்போது பதினாறு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 140 முறை வெடிக்கின்றன. 4,000 குதிரைத்திறன் ஈ.எம்.டி. 904 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 241 முறை வெடிக்கிறது. திறனை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வெடிப்புக்கு ஆல்கோ சுமார் 16.5 கிலோஜூல், ஈ.எம்.டி. 12.4 கிலோஜூல் தர வேண்டியிருக்கிறது. மொத்தத் திறன் அதிகமாக இருந்தும் ஈ.எம்.டி.யின் ஒவ்வொரு பிஸ்டன் மீதும் விழும் அடி சிறியது. பிஸ்டன் மீதான சராசரி அழுத்தமாகச் சொன்னால் ஆல்கோவில் ஏறத்தாழ 15 பார், ஈ.எம்.டி.யில் 10.6 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்).

251-ஐ 2,600-லிருந்து 3,100-க்குக் கொண்டுபோனபோது சராசரி அழுத்தம் 13.3 பாரிலிருந்து 15-க்கு ஏறியது. அதைத் தாங்குவதற்கு எத்தனை பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது! பிஸ்டனுக்கு எஃகுத் தலை, 17 மி.மீ. ஃபியூவல் பம்ப், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாக, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்னும் திறன் கூடியதாக, காற்றைக் குளிர்விக்கப் பெரிய ஆஃப்டர்கூலர். இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டிருந்தால் ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதி வெப்பத்தில் விரிசல் விட்டிருக்கும்.

டர்போவும் கறுப்புப் புகையும்

ஆல்கோ லோகோ ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது மேகம் போல எழும் கறும்புகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அது பெரும்பாலும் பழுதின் அறிகுறி அல்ல, அமைப்பின் இயல்பு. ஆல்கோவின் டர்போ முழுக்க எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தால் மட்டுமே சுற்றுவது. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் புகை குறைவு, டர்போ மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். லோகோ பைலட் நாட்சை (இன்ஜினின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியின் படி) சட்டென்று ஏற்றினால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உடனே டீசலைக் கூட்டிவிடும். டர்போ வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் அதிகம், காற்று போதாது. எரியாத கரிதான் புகையாகப் போகிறது. நாட்சை ஒவ்வொன்றாக, இன்ஜின் சத்தம் நிலைக்க விட்டு ஏற்றினால் புகை குறையும்.

எட்டாவது நாட்சில் வேகம் நிலைத்த பிறகும் கறுப்புப் புகை நிற்கவில்லை என்றால் அது பழுது. அடைத்த ஏர் ஃபில்டர், காற்றுக் குழாய் இணைப்பில் கசிவு, கரி படிந்த டர்போ நாசில் வளையம், துளி துளியாகச் சொட்டும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேட வேண்டும். எளிதாகப் பார்க்கக்கூடியது முதலில்.

ஈ.எம்.டி.க்கு இந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றை இழுக்கும் ஓட்டமே இல்லை. வெளியிலிருந்து யாராவது தள்ளினால்தான் காற்று வரும். ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் புகையே கிடையாது, எனவே புகையால் மட்டும் சுற்றும் டர்போவை வைத்து அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே முடியாது. இதற்கு ஈ.எம்.டி. கண்ட வழி அழகானது. டர்போவைப் பற்சக்கரங்கள் மூலம் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைத்து, நடுவில் ஒருவழி கிளட்ச் ஒன்றை வைத்தார்கள். குறைந்த நாட்சில் கிராங்க் ஷாஃப்ட்தான் டர்போவைச் சுற்றுகிறது. உயர் நாட்சில் புகையின் வேகம் கூடி டர்போ தன் பலத்தில் முந்திக்கொள்ளும்போது கிளட்ச் விடுபட்டுக்கொள்கிறது. நாட்ச் ஏற்றினால் காற்று உடனே கூடுவதும், புகை குறைவாக இருப்பதும் இதனால்தான்.

விலையும் அதற்கு ஏற்றதுதான். ஆல்கோ டர்போவில் பேரிங்கும் சீலும்தான் பெரும்பாலும் கெடும், கழற்றி வேறு டர்போ மாட்டுவது ஷெட்டில் ஒரு நாள் வேலைக்குள் அடங்கும். ஈ.எம்.டி. டர்போவில் கிளட்ச் வழுக்கினால் குறைந்த நாட்சில் காற்றே போதாமல் இன்ஜின் திணறும். பற்சக்கரம் உடைந்தால் உலோகத் துண்டுகள் எங்கெங்கோ போகும். இன்ஜின் நின்ற பிறகும் டர்போவின் சூடு பேரிங்கை வேகவைக்காமல் இருக்க, தனி மின்மோட்டார் பம்ப் ஒன்று சுமார் 35 நிமிடம் மசகு எண்ணெயைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜினை நிறுத்திய கையோடு பேட்டரி சுவிட்சைத் திறந்துவிடுவது புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்த பம்ப் அங்கேயே நின்றுவிடும், சூட்டில் பேரிங் கெட்டு டர்போவே போய்விடலாம். ஆல்கோவில் வழக்கம் வேறு. எண்ணெய் பம்ப்பை இன்ஜினே ஓட்டுவதால், நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு டர்போவைக் குளிரவைக்க வேண்டும்.

மலை ஏறும்போது டர்போவின் அருமை தெரியும். குன்னூர்–உதகை இடையே ஓடிய மீட்டர்கேஜ் வை.டி.எம்.-4 லோகோவில் ஆறு சிலிண்டர் ஆல்கோ 251 இருக்கிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைந்தாலும் டர்போ வேகமாகச் சுற்றிக் குறையை ஓரளவு நிரப்பிவிடும். இலங்கையில் 1954 முதல் ஓடும் கனடா நாட்டு எம்-2 லோகோக்களில் இருப்பது ஈ.எம்.டி. 567. அது டர்போ இல்லாமல், இன்ஜினே சுற்றும் காற்றுத்தள்ளியான ரூட்ஸ் புளோயரால் மூச்சுவிடும் டூ-ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று புளோயர் அளந்து தள்ளுவது மாறாது என்பதால், சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலை போன்ற இடத்தில் திறன் குறையும். ஆனால் உடைய டர்போவே இல்லாத அந்த எளிமைதான் அந்த வண்டிகளின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம்.

தண்ணீர் எங்கே நிற்கிறது

ஷெட் ஆட்களைக் கேட்டால் டர்போவை விடத் தண்ணீர்க் கசிவைத்தான் முதலில் சொல்வார்கள். ஆல்கோவில் குளிர்விக்கும் தண்ணீர் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே லைனர்களைச் சுற்றி நிற்கிறது. லைனருக்கும் பிளாக்குக்கும் இடையே ரப்பர் வளையங்கள்தான் காவல். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து ரப்பர் விறைத்துப்போனால் தண்ணீர் கீழே எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். டபிள்யூ.டி.எம்.-2 சம்ப்பில் 910 லிட்டர் எண்ணெய் இருக்கும், அதில் கலந்த தண்ணீர் கண்ணுக்கு உடனே தெரியாது. தண்ணீர் மட்டம் காரணமின்றிக் குறைவது, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஏறுவது, எண்ணெய் மோர் போல வெளுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வண்டியை லைனுக்கு அனுப்பக் கூடாது. தண்ணீர் கலந்த எண்ணெய் மெயின் பேரிங்கில் படலமாக நிற்காது. பேரிங் போனால் கிராங்க் ஷாஃப்ட்டும் போகும்.

ஈ.எம்.டி. இந்தச் சிக்கலை வேரிலேயே வெட்டியது. 710-இல் ஒவ்வொரு லைனருக்கும் சொந்தமாகத் தண்ணீர் உறை உண்டு, தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியே நேராக லைனருக்குள் வருகிறது. பிளாக்கில் தண்ணீர் நிற்பதில்லை. ஹெட், லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராட் நான்கையும் ஒரே கட்டாகக் கிரேனில் தூக்கி எடுத்துவிட்டு, தயாராக வைத்த வேறு கட்டை இறக்கலாம். பவர் அசெம்பிளி என்பது இதைத்தான். ஆல்கோவில் ஹெட்டைத் தனியாக, பிஸ்டனைத் தனியாக, லைனரைத் தனியாக எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் கெட்டால் ஈ.எம்.டி. ஒரே ஷிஃப்ட்டில் கிளம்பிவிடுவதற்குக் காரணம் இந்த வடிவமைப்பு. மாற்றுக் கட்டு கையில் இல்லாத ஷெட்டில் இந்தச் சாதகம் மாயமாகிவிடும். ஆல்கோவில் ஒரு ரப்பர் வளையத்தோடு முடியும் வேலைக்கு, ஈ.எம்.டி.யில் முழுக் கட்டும் தேவைப்படும்.

இன்னொரு வசதியும் ஈ.எம்.டி.க்கு உண்டு. காற்றறை மூடியைத் திறந்து விளக்கை நீட்டினால் லைனர் துளைகள் வழியாக பிஸ்டன் வளையங்களைக் கண்ணால் பார்க்கலாம். இன்ஜினைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தால் எந்த வளையம் உடைந்திருக்கிறது, எந்த லைனரில் கீறல் என்று எதையும் கழற்றாமலே தெரிந்துவிடும். ஆல்கோவில் இதற்கு வழியில்லை.

டீசல் ஒழுகும் இடம்

ஆல்கோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளாக்கின் பக்கவாட்டில் தனி ஃபியூவல் பம்ப். அங்கிருந்து ஹெட்டில் இருக்கும் இன்ஜெக்டருக்கு உயர் அழுத்தக் குழாய். அதிர்வில் குழாய் விரிசல் விட்டால் டீசல் வெளியே பீய்ச்சும், அருகிலேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. தீ விபத்துக்கு இது போதும். ஆனால் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஈ.எம்.டி.யில் பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒரே உருப்படி, ஹெட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். உயர் அழுத்தக் குழாயே இல்லை. ஆனால் டீசலைக் கொண்டுவரும் சிறு குழாய்கள் மேல் மூடிக்கு அடியில் இருக்கின்றன. அங்கே கசிந்தால் டீசல் நேராக எண்ணெயில் கலக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. எண்ணெயின் பிசுபிசுப்பு குறைந்துகொண்டே வரும். ஆய்வகச் சோதனையில் விஸ்காசிட்டி இறங்கினால் முதலில் திறக்க வேண்டியது அந்த மேல் மூடி.

ஈ.எம்.டி. ஃபில்டர் அருகே இருக்கும் இரண்டு கண்ணாடிக் குமிழ்களைப் பார்க்கத் தெரிந்தாலே பாதி நோய் பிடிபடும். இன்ஜினுக்கு அருகில் இருக்கும் ரிட்டர்ன் குமிழ் எப்போதும் தெளிந்த டீசலால் நிறைந்திருக்க வேண்டும். தள்ளியிருக்கும் பைபாஸ் குமிழ் காலியாக இருக்க வேண்டும். ரிட்டர்னில் குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. பைபாஸில் டீசல் ஏறினால் ஃபில்டர் அடைத்துவிட்டது.

எண்ணெயில் துத்தநாகம் கூடாது

இரண்டு வகை லோகோவும் ஒரே ஷெட்டில் இருக்கும் இடத்தில் எண்ணெய் விஷயத்தில் கவனம் வேண்டும். ஈ.எம்.டி.யில் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் ‘பிஸ்டன் பின்’ என்ற உருளைக்கான பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த பிஸ்டன் பின் மீது சுமை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் போல ஒரு சுற்றில் சுமை விலகி எண்ணெய் நுழைய இடம் கிடைப்பதில்லை. அதைத் தாங்கத்தான் வெள்ளி. சாதாரண டீசல் இன்ஜின் எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மம் அந்த வெள்ளியை அரித்துவிடும். எனவே துத்தநாகம் இல்லாத எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அவசரத்துக்குக்கூட வேறு டின்னைத் தொடக் கூடாது. எண்ணெய் மாதிரியில் வெள்ளி தென்பட்டால் அந்த பிஸ்டன் பின் பேரிங் தேய்கிறது என்று பொருள். இரும்பும் குரோமியமும் கூடினால் வளையமும் லைனரும், செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசு. இவை இரண்டு இன்ஜினுக்கும் பொது.

நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடுவது ஈ.எம்.டி.க்கு ஆகாது. குறைந்த சூட்டில் வளையங்கள் சரியாக அடைக்காமல் எண்ணெய் துளைகள் வழியே புகைப்பாதைக்குப் போய்ச் சேரும். பிறகு திடீரென்று லோடு ஏற்றினால் புகைபோக்கியிலிருந்து கரிய எண்ணெய் தெறிக்கும், சில சமயம் தீப்பொறியோடு.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியதிலும் ஈ.எம்.டி. கறார். 48 மணி நேரத்துக்கு மேல் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சோதனை வால்வுகளைத் திறந்து வைத்து ஒரு முழுச் சுற்றாவது சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த வால்விலிருந்தாவது தண்ணீரோ டீசலோ வந்தால் அந்தச் சிலிண்டரைத் தீர்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். கிராங்க் கேஸின் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூட்டின்) அழுத்தப் பாதுகாப்புக் கருவி செயல்பட்டு இன்ஜின் நின்றுவிட்டால், குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூடிகளைத் திறக்கலாம். உள்ளே சூடான எண்ணெய் ஆவி இருக்கும், காற்று புகுந்ததும் வெடிக்கலாம். அவசரத்தில் ரீசெட் பட்டனை அழுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்வது உயிரோடு விளையாடுவது.

இழுவைக்கு இன்ஜின் மட்டும் காரணமல்ல

டபிள்யூ.டி.ஜி.-4 கிளம்பும்போது 540 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 55 டன் இழுவிசை தருகிறது. ஆல்கோவின் டபிள்யூ.டி.எம்.-2 தந்தது சுமார் 30 டன். இதைக் காட்டி ஈ.எம்.டி. இன்ஜின்தான் பலசாலி என்று சொல்வது பரவலான தவறு. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முழுத் திறனும் தேவைப்படுவதே இல்லை. அங்கே தீர்மானிப்பது சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடிப்பது. டபிள்யூ.டி.ஜி.-4 கனமான வண்டி, 126 டன். அதோடு அதன் மோட்டார்கள் மூன்று-ஃபேஸ் ஏ.சி. மோட்டார்கள். வழுக்கலை நொடிக்குள் உணர்ந்து சரிசெய்யும் கட்டுப்பாடு அவற்றுக்கு உண்டு. ஆல்கோ இன்ஜினையே அந்த மோட்டார்களோடு இணைத்திருந்தாலும் கிளம்பும் இழுவிசை பெரிதும் உயர்ந்திருக்கும். இன்ஜினின் குதிரைத்திறன் பேசத் தொடங்குவது வேகம் கூடிய பிறகு.

மூன்றாவது ஆள்

ஜி.இ.யின் எவல்யூஷன் இன்ஜின் 2005-இல் அமெரிக்காவில் வந்தது. விட்டம் 250 மி.மீ., ஓட்டம் 320 மி.மீ., ஃபோர்-ஸ்ட்ரோக். அமெரிக்காவில் அது தரும் 4,400 குதிரைத்திறனும் 1,050 ஆர்.பி.எம்.மும் என்று வைத்துக் கணக்கிட்டால் நொடிக்கு 105 வெடிப்புதான். ஒவ்வொன்றும் 31 கிலோஜூல், அதாவது ஈ.எம்.டி.யைப் போல இரண்டரை மடங்கு. சராசரி அழுத்தம் 20 பாரைத் தொடுகிறது. உலோகமும் வார்ப்பும் டர்போவும் 1950-களில் இருந்ததை விட வெகுதூரம் முன்னேறியதால்தான் இது முடிந்தது. சிலிண்டர் குறைவு என்பதால் மாற்ற வேண்டிய பாகங்களும் குறைவு. 2015-இல் ஆயிரம் லோகோக்களுக்கு இந்தியா செய்த ஒப்பந்தத்தில் 700 வண்டிகள் 4,500 குதிரைத்திறன், 300 வண்டிகள் பதினாறு சிலிண்டரோடு 6,000 குதிரைத்திறன்.

அமெரிக்காவில் 2015 ஜனவரியில் நான்காம் நிலை மாசுக் கட்டுப்பாடு வந்தபோது இந்தப் போட்டியின் போக்கே மாறியது. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி சிலிண்டருக்குள் அனுப்பி, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல் இல்லாமலே ஜி.இ. அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஈ.எம்.டி. 710-க்கு அது எட்டவில்லை. துளைகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் வளையம் கொஞ்சம் எண்ணெயைப் புகையோடு சேர்த்துவிடுகிறது. டூ-ஸ்ட்ரோக் மூச்சுவிட வேண்டுமானால் காற்றறை அழுத்தம் எப்போதும் புகையின் அழுத்தத்தை விட அதிகமாக இருக்க வேண்டும் என்பதால், புகையைத் திருப்பி அனுப்புவதும் கடினம். 1938-இல் 567, 1960-களில் 645, 1980-களில் 710 என்று அத்தனை காலம் டூ-ஸ்ட்ரோக்கை விடாமல் பிடித்திருந்த ஈ.எம்.டி., அமெரிக்கச் சரக்கு லோகோவுக்காகக் கொண்டுவந்த 1010 இன்ஜின் பன்னிரண்டு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்.